கரண்டி கிடந்த இடம்

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது முதல் பத்தடிக்குள் நம்புச்செல்விக்கு எப்போதும் ஒரே எண்ணம்தான் வரும்: இதில் உப்பு இல்லை. எத்தனை முறை முங்கினாலும் அவள் நாக்கு அதை ஒப்புக்கொள்ள மறுத்தது. உதட்டோரம் கசிந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உப்புப் போட மறந்த ரசத்தை வாயில் வைத்ததுபோல என்னமோ குறைகிறதே என்று தேடும். பாம்பன் பக்கத்துக் கடலில் எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை அம்மாவோடு பாசி எடுக்க முங்கியவள். தண்ணீர் என்றால் உப்பு, கண் எரிச்சல், பாறையில் கிழிந்த விரல், காய்ந்ததும் சட்டையில் பூக்கிற வெள்ளைக் கோடு. இங்கே, கனடாவின் வடக்கில், ஆடி மாதத்திலும் பல்லைக் கூசவைக்கிற இந்த ஏரியில், கழுத்துவரை தண்ணீர் புகாத தடித்த உடுப்பும் முதுகில் சிலிண்டரும் வாயில் ரப்பருமாக இறங்குகிறாள். அப்போதெல்லாம் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, கண்ணில் ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய பழந்துணி, அவ்வளவுதான். மூச்சு சொந்த மூச்சு. இப்போது மூச்சைக்கூட கரையிலிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது, கட்டுச்சோறு மாதிரி. இருபதடி, முப்பதடி. பச்சை கறுத்து நீலமாகி, நீலம் சாம்பலாகி, அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து முதலில் பாய்மரத்தின் உச்சி வந்தது. ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் ஏதோ துள்ளும். பயமில்லை அது. பொட்டலத்தைப் பிரிக்கிறபோது பிள்ளைகளுக்கு வருமே, அது.

கப்பல் கிடக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வருவதில்லை. உட்கார்ந்திருக்கிறது. எண்பதடி ஆழத்தில் நூற்று நாற்பது வருசமாக இரண்டு பாய்மரத்தையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, யாரோ வரச்சொல்லிவிட்டுப் போனதுபோல உட்கார்ந்திருக்கிறது. மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு போன சரக்குக் கப்பல். ஆறு பேர் இருந்தார்கள், ஆறு பேரும் சின்னப் படகில் ஏறித் தப்பிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் இங்கே முங்கவே சம்மதித்தாள். செத்தவர்கள் இருக்கிற வீட்டில் சிப்பி எண்ண அவளால் முடியாது. காலையில் போனில் அம்மாவிடம் சொன்னபோது முத்துராக்கு நம்பவில்லை. "முழுசாவா கெடக்குது? பொய் சொல்லாதத்தா. நம்ம கடல்ல ஒரு வல்லம் முங்குனா நாலு வருசத்துல ஆணிதான் மிஞ்சும்." கடலில் மரத்தைத் தின்கிற புழு இருக்கிறது, நல்ல தண்ணியில் அது கிடையாது, குளிரும் இருட்டும் மரத்தைக் காக்கும் என்று விளக்கினாள். அம்மா கேட்டுக்கொண்டாள். "உள்ள சாமானெல்லாம்?" இருக்கிறது. தட்டு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. "எடுக்கலாமா?" எடுக்கக் கூடாது, தொடவே கூடாது.  போனில் அம்மாவுக்குப் பின்னால் கோழி ஒன்று கத்தியது. "எடுக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குத்தா முங்குற?" நியாயமான கேள்வி. சிக்னல் போய்விட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் எலிசபெத் அம்மையாரின் ஆய்வகத்தில் வேலை, சம்பளம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அது பதில் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும்.

வேலை சின்னதுதான். எங்கிருந்தோ கப்பல்களின் அடித்தண்ணீரில் தொற்றிக்கொண்டு வந்த நகத்தளவு வரிச்சிப்பிகள் ஏரி முழுக்கப் பெருகி, மூழ்கிய கப்பல்களின் மேலெல்லாம் அப்பிக்கொள்கின்றன. போன வருசத்தைவிட இந்த வருசம் எத்தனை கூடுதல் என்று குறித்த இடங்களில் எண்ணி, இடுப்பில் தொங்கும் சிலேட்டில் எழுத வேண்டும். எண்ணலாம், படம் பிடிக்கலாம், பார்க்கலாம். கப்பலில் ஒரு துரும்பைத் தொடக் கூடாது. படகைக் கட்டுகிற கயிறு அடியில் ஒரு சிமெண்ட் கட்டையில் முடிகிறது. அந்தக் கட்டையிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி சிப்பி பறித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இடது இடுப்பில் வலைப்பை. அவளோடு முங்கியிருக்கும் ஹெதர், மூழ்கிய கப்பல்களைக் காக்க அரசு வகுத்த இந்தக் காவல் எல்லையின் அதிகாரி. ஐம்பது வயது, குறைவாகப் பேசுகிறவள், இப்போது கப்பலின் முன்முனையில் நங்கூரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் விளக்கு தூரத்தில் மங்கலாக அசைந்தது. மேலே படகில் இன்பராசா. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். இந்தக் கப்பலுக்கு ஆட்களைக் கூட்டிவர அனுமதி கேட்டுப் பதினொரு வருசம் காத்திருந்து, மூன்று வருசத்துக்கு முன்னால்தான் வாங்கினார். அவர் படகில் வந்தவர் யாராவது ஒரு பொருளில் கை வைத்தால், விசாரணை முடியும்வரை அனுமதி நிற்கும். முடிந்த பிறகும் திரும்பி வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆகவே முங்கி எழுந்து ஏணியில் கால் வைக்கிற ஒவ்வொருவரிடமும், துடுப்புச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "ஒண்டையும் தொடேல்லத்தானே?" என்று கேட்பார், பையை வாங்கி வெள்ளைப் பேசினில் கவிழ்த்துப் பார்ப்பார். கோயிலுக்குள் செருப்போடு போகவில்லையே என்று கேட்கிற குரலில்தான் கேட்பார். இன்று காலை அவள் "சரிண்ணே" என்றதற்கு, "அண்ணை எண்டு சொல்லு பிள்ளை, அண்ணே எண்டால் ஆரோ படத்தில கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். நல்ல மனுசன். அவர் வைக்கும் தேத்தண்ணிக்காகவே இன்னொரு முறை முங்கலாம்.

பின்பக்கத்துச் சமையலறைக்குக் கூரை இல்லை. மூழ்கிய அன்றே கழன்று மிதந்து போயிருக்க வேண்டும். ஆகவே உள்ளே நுழைய வேண்டியதில்லை, மேலிருந்து குனிந்து பார்க்கிற உயரத்தில் மிதந்தால் போதும், அடுத்த வீட்டு முற்றத்தை மாடியிலிருந்து பார்ப்பதுபோல. முதலில் தட்டு அலமாரி. ஆறு தட்டுகள் நிற்கவைத்தபடி. நடுவில் ஒன்று மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது, இப்போதுதான் யாரோ கழுவி வைத்துவிட்டுப் போன ஈரத்தோடு. இவ்வளவு தண்ணீருக்குள் ஈரம் என்று நினைத்தது அவளுக்கே சிரிப்பாக வந்தது. சிரித்ததில் முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, அலமாரியின் விளிம்பில் சிப்பிகள். தட்டில் அதிகம் இல்லை, வழுக்குகிறதோ, பிடிக்கவில்லையோ. தப்பி ஓடுகிற நேரத்தில் ஆறு பேரும் எதை எடுத்திருப்பார்கள்? அவளாயிருந்தால் எதை எடுத்திருப்பாள்? வாடகை வீட்டில் தீ மணி அடித்த அன்று அவள் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது மிக்ஸி ஜாரின் மூடியை. மூடியை மட்டும். அறுபத்திரண்டு என்று சிலேட்டில் எழுதினாள். அடுத்தது இரும்பு அடுப்பு. அதன்மேல் கெட்டில், கெட்டிலின் மேல் சிப்பி, சிப்பியின் மேல் சிப்பி. அடுப்பின் கதவு பாதி திறந்து கிடந்தது. கடைசியாக அதில் என்ன வெந்தது? பாசிக்குப் போகும் தீவுக் கரையில் மூன்று கல்லைக் கூட்டி அலுமினியச் சட்டியில் அம்மா வைக்கும் கஞ்சியின் வாசனை எங்கிருந்தோ வந்தது. ரப்பரைக் கடித்துக்கொண்டிருக்கும் வாய்க்கு வாசனை எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது, தெரிந்தது. கருவாட்டைத் தணலில் சுடுவாள். பாசி எடுத்த விரலால் அதைப் பிய்க்கும்போது எரியும். அடுப்பு நூற்றுப் பதினெட்டு.

மூன்றாவது இடம் அடுப்பின் காலுக்குப் பக்கத்தில் விறகுப்பெட்டி. அதன் விளிம்பும் அதை ஒட்டிய தரையும். தரை என்றால் வண்டல். விரலளவு கனத்துக்கு மாவைச் சலித்துக் கொட்டியதுபோலப் படிந்திருந்தது, துடுப்பை வேகமாக அசைத்தால் எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். உடம்பைச் சமமாக நிறுத்தி, மூச்சை அளந்து விட்டு, மெல்ல இறங்கினாள். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அப்போதுதான் அந்தச் சத்தம். தூரத்தில் எங்கோ ஏரியின் மறுபக்கம் ஒரு படகு போகிறது, அவ்வளவுதான், எஞ்சினின் முனகல். தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது, அது மண்டைக்குள்ளேயே கேட்கும். இது அவளுக்குப் புதிது இல்லை, பதினொரு வயதிலேயே தெரியும். தீவைச் சுற்றிப் பாசி எடுக்கக் கூடாது என்று காவல் போட்டிருந்த காலம். காவல் படகின் எஞ்சின், கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே தண்ணீருக்குள் கேட்டுவிடும். அம்மா வந்து அவள் சட்டையை இரண்டு முறை இழுப்பாள்: விடு. அம்மா தன் இடுப்புப் பையின் வாயை அவிழ்த்துவிடுவாள். மூன்று மணிநேரம் பறித்த மரிக்கொழுந்துப் பாசி முழுவதும் நீரோட்டத்தில் கலைந்து போகும். வெறுங்கையோடு மேலே வருவார்கள். காவல்காரர் படகிலிருந்து குனிந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். "குளிக்கிறோம்யா" என்பாள் முத்துராக்கு, கரையிலிருந்து இரண்டு மணிநேரத் தூரத்தில், நடுக்கடலில். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் அந்த ஒரு நாள் நம்புச்செல்வி விடவில்லை. அம்மா இரண்டு முறை இழுத்தாள், மூன்றாவது முறையும் இழுத்தாள். பயந்துபோன கை இன்னும் இறுக மூடிக்கொண்டது. மேலே வந்ததும் "கையைக் காட்டு பாப்பா" என்றார்கள். காட்டினாள். விரலிடுக்கில் பச்சையாக ஒரு பிடி. சாக்கு, கண்ணாடி, பிளாஸ்டிக் கூடை எல்லாம் போயிற்று. திரும்புகிற வழி முழுக்க அம்மா திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கரையேறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "கை வெறுங்கையா இருக்கணும்த்தா, அம்புட்டுத்தான். வாயி என்ன வேணாலும் சொல்லிக்கலாம்." எஞ்சின் முனகல் தேய்ந்து மறைந்தது. சிப்பிகளின் கரகரப்புக்கு நடுவே வழவழவென்று ஏதோ விரலில் பட்டதுபோல இருந்தது, பாசித் தண்டு இவ்வளவு தடிமனாக இராதே என்றுகூட மனத்தின் ஏதோ ஒரு மூலை சொன்னது, அந்த மூலையை யார் கேட்டார்கள். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நாற்பத்தொன்றா, நாற்பத்தைந்தா? மறுபடி எண்ண நேரமில்லை. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள்: நூற்றுப் பத்து. எழுபதில் மேலே திரும்ப வேண்டும். சிமெண்ட் கட்டையில் சிப்பி பறித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கட்டையின் அடியில் மண்டியிட்டு, இந்த நாளில் தொட அனுமதியுள்ள ஒரே பொருளை ஆசையோடு தொட்டாள். ஒரு கொத்தைத் திருகிப் பறித்தாள். பறிக்கிற வேலை கைக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கண் பார்க்கவே வேண்டாம். அம்மா சொல்வாள், பாசி எடுக்கிறவளுக்குக் கண் விரலில் இருக்கிறது, பறித்ததைப் பையில் போடுவது கையின் வேலை, அதற்கு மண்டையைக் கேட்கக் கூடாது, கேட்டால் மூச்சு போதாது என்று. வலைப்பையின் வாயை விரித்துச் சிப்பியைப் போடப் போனாள். காலியாக இருக்க வேண்டிய பைக்குள் ஏதோ இருந்தது. நீளமாக. விளக்கைத் திருப்பினாள். மரக்கரண்டி. ஒரு முழ நீளம், தேன் நிறம், நேற்றுக் கடையில் வாங்கியதுபோல. இது யாருடையது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, வேறு யாரோ தன் பையில் போட்டுவிட்ட மாதிரி. பிறகு புரிந்தது. காற்று சரசரவென்று கொப்புளமாக மேலே ஓடியது. இப்படி மூச்சு விட்டால் நாலு நிமிசத்தில் காலி. நிதானம், நிதானம். யார் எடுத்தது? நான்தான். எப்போது? தெரியாது. எங்கிருந்து? அதுவும் தெரியாது. இன்பராசா அண்ணன் பேசினோடு ஏணியருகே நிற்பார். பதினொரு வருசம். மேலே கொண்டுபோனால் கரண்டியே பிழைக்காது. இத்தனை காலம் தண்ணீர் தாங்கிய மரம், காற்றுப் பட்டால் சில நாளில் வெடித்துச் சுருண்டுவிடும் என்று ஹெதர் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். இங்கேயே பையை அவிழ்த்து விட்டுவிடலாம். கை வெறுங்கை. வண்டலில் விழும், யார் கேட்கப் போகிறார்கள்? ஹெதரின் விளக்கு இன்னும் முன்முனையில்தான் இருந்தது. அவிழ்க்கப் போன விரல் நின்றது. கரண்டி அதன் இடத்தில் இருப்பதால்தான் அது அந்தக் கப்பலின் கரண்டி. இங்கே கட்டையடியில் போட்டால், ஏரியில் மிதந்து வந்த ஏதோ ஒரு மரத்துண்டு.

முள்ளில் தொண்ணூற்றைந்து. சமையலறைக்குத் திரும்பி அதே உயரத்தில் மிதந்தாள். பத்தடிக்குப் பத்தடி இடம், குனிந்து பார்த்தால் எங்கும் சிப்பி, எங்கும் வண்டல், எல்லா இடமும் கரண்டி கிடக்கக்கூடிய இடம்தான். கையே, எங்கே எடுத்தாய்? கை பேசுமா. கண் பார்க்கவில்லை, கண் எண்ணிக்கொண்டிருந்தது. மனம் பார்க்கவில்லை, அது பாம்பனுக்குப் போயிருந்தது. சரி, மனம் போன வழியிலேயே போய்ப் பார்த்தால் என்ன? இந்த யோசனை வந்ததும் பயத்துக்கு நடுவே சின்னதாக ஓர் ஆர்வம் தலைதூக்கியது. தன் எண்ணத்தையே தான் பின்னாலிருந்து துரத்துவது. தட்டு அலமாரியில் மிக்ஸி மூடியை நினைத்தேன். நினைத்துச் சிரித்தேன், சிரித்ததில் தண்ணீர் புகுந்தது, இரண்டு கையாலும் முகமூடியை அழுத்தினேன். இரண்டு கையும் முகத்தில். ஆக அங்கே இல்லை. அடுப்பில் கஞ்சி, கருவாடு, விரல் எரிச்சல். அப்போது வலது கையில் பென்சில், இடது கை? இடது கை சிலேட்டைப் பிடித்திருந்தது, நூற்றுப் பதினெட்டு நேராக எழுதப்பட்டிருக்கிறது, பிடிக்காமல் எழுதினால் கோணும். சிலேட்டைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. அதற்குக் கீழே மூன்றாவது வரியில் எண்ணே இல்லை. வெறும் இடம். நாற்பத்தொன்று வரை எண்ணினேன், எஞ்சின் கேட்டது, காவல் படகு, அம்மா சட்டையை இழுத்தாள், ஒரு முறை, இரண்டு முறை, நான் விடவில்லை. விடவில்லை. கை மூடியது.  பதினொரு வயதில் மூடிய அதே கைதான் இன்றும் மூடியிருக்கிறது. அன்று பாசி, இன்று கையருகே எது கிடந்ததோ அது. விறகுப்பெட்டி. விறகுப்பெட்டியின் பக்கம்தான். முகம் வண்டலுக்கு ஒரு சாண் மேலே வரும்வரை தலைகீழாக இறங்கினாள், துடுப்பை அசைக்காமல், மூச்சை இழுத்து நிறுத்தி, அம்மாவோடு முங்குகிறபோது நிறுத்துவதுபோல.

இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்ததும் நிழல் விழுந்து தெரிந்தது: வண்டலில் கரண்டியின் அச்சு, நீளக் காம்பும் முட்டை வடிவ வாயும், விளிம்பு இன்னும் கூராக, பக்கத்தில் அவள் விரல்கள் உழுத நாலு கோடு. நிம்மதியில் கண்ணில் நீர் முட்டியது. அது மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கியதும் அதில் உப்பு இருந்ததை நாக்கு உடனே அடையாளம் கண்டுகொண்டது. பையிலிருந்து கரண்டியை எடுத்தாள். எடைகூட இல்லை. வைக்கப் போனவள், தன்னை மீறி, விளக்கின் முன்னால் அதை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். பார்க்காமல் வைக்க அவளால் முடியவில்லை, அதுதான் உண்மை. வாயின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, சட்டியின் அடியைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த தேய்வு. அம்மாவின் கரண்டியிலும் இதே தேய்வு உண்டு, ஆனால் அது இடது ஓரத்தில். வலது கையால் கிண்டுகிறவர்களுக்கு இடது ஓரம்தான் தேயும். இதில் வலது ஓரம். அப்படியென்றால். இப்போதுதான் நினைவுக்கு வந்தது, இன்பராசாவின் படகில் மாட்டியிருக்கும் கப்பலின் வரைபடத்தில் இந்தக் கரண்டியும் இருக்கிறது, இருபது வருசத்துக்கு முன்னால் வரைந்தது, கட்டைவிரல் நகமளவுக்கு, வாய் அடுப்பின் கதவைப் பார்த்தபடி. தேய்வெல்லாம் அதில் கிடையாது. அடுப்பின் கதவைப் பார்த்தபடி? அச்சைப் பார்த்தாள். இந்த அச்சின் வாய் கதவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது. விளக்கை இன்னும் தாழ்த்தினாள். நாலு விரற்கடை தள்ளி, இன்னோர் அச்சு. அதே நீளம், அதே வாய். விளிம்பு மழுங்கி, மெல்லிய புது வண்டல் மூடிய பழைய குழி. அது கதவைப் பார்த்தது. அப்படியானால் யாரோ அவளுக்கு முன்பே இதைத் தூக்கியிருக்கிறார்கள். தூக்கிப் பார்த்துவிட்டு, அவசரத்தில் கொஞ்சம் தள்ளி, திரும்பிய வாக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வரைபடம் திருத்தப்பட்டிருக்கும். யாரது? முள்ளில் எண்பத்திரண்டு. யோசிக்க நேரமில்லை. கரண்டியைப் பழைய குழியின் மேல் பிடித்து, வாய் கதவைப் பார்க்கத் தாழ்த்தினாள். குழி அதை வாங்கிக்கொண்டது. எங்கும் இடிக்கவில்லை.

பதினைந்தடியில் மூன்று நிமிசம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், உடம்புக்குள் கரைந்த காற்று மெல்ல வெளியேற. அந்த மூன்று நிமிசம்தான் ஏரியிலேயே நீளமானது. கீழிருந்து ஹெதர் ஏறி வந்து அடுத்த பிடியில் நின்றாள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து வட்டம் காட்டினாள்: சரியா? இவளும் வட்டம் காட்டினாள். சரிதானே. கரண்டி அதன் சொந்த இடத்தில், பையில் சிப்பி மட்டும், இரண்டு கையும் வெறுங்கை. கை வெறுங்கையாக இருந்தால் வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இன்பராசா அண்ணன் கேட்பார், இல்லண்ணே என்றால் முடிந்தது. அவர் அனுமதியும் பிழைக்கும், இவள் வேலையும் பிழைக்கும், நாளை மறுபடி முங்கலாம். சொன்னால்? பதினொரு வருசம் காத்திருந்த மனுசனின் அடிமடியில் கை வைக்க வேண்டும். எதற்கு? யாருக்கு லாபம்? எடுத்த இடத்தைவிட நல்ல இடத்தில் அல்லவா வைத்திருக்கிறாள். இப்படித்தானே அந்த முந்தைய ஆளும் இந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கணக்குப் போட்டிருப்பார். இதே பதினைந்தடி, இதே மூன்று நிமிசம், இதே வட்டம். அந்த ஆளின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஒரு கரண்டியைத் தூக்கிப் பார்த்த ஆசையை ஆயுளுக்கும் ஒளித்துவைத்துக்கொண்டு நடப்பது. தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் கறுப்பாக ஆடியது. ஏணியின் கடைசிப் படி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா, எதுக்கு முங்குறேன்னு கேட்டியே, என்று ஆரம்பித்தாள், அதற்குள் மூன்று நிமிசம் முடிந்துவிட்டது.

இன்பராசா கை கொடுத்துத் தூக்கினார். துடுப்பைக் கழற்றுவதற்கு முன் வலைப்பையை வாங்கி வெள்ளைப் பேசினில் கவிழ்த்தார். ஒரு பிடி சிப்பி கலகலவென்று விழுந்தது. முதலில் ஏறிய ஹெதர் பெஞ்சில் உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அன்றாடப் படிவத்தை மடியில் விரித்திருந்தாள்.

"ஒண்டையும் தொடேல்லத்தானே, பிள்ளை?"

"தொட்டேன்ண்ணே."

அவர் சிரித்தார். "பகிடி விடாத."

"பகிடி இல்லண்ணே. கை எடுத்துருச்சு. பையில கெடந்துச்சு, கட்டைகிட்ட வந்துதான் பார்த்தேன். திரும்பப் போய் வச்சுட்டு வந்தேன்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்க நேரம் பிடித்தது. பேசினைக் கீழே வைத்தார். எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்தார். "பதினொரு வருசம்" என்றார், அவளிடம் இல்லை, தண்ணீரிடம்.  மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தாள், அந்தச் சொல் எந்த மூலைக்குப் போதும்?

என்ன நடக்கிறது என்று ஹெதர் ஆங்கிலத்தில் கேட்டாள். நம்புச்செல்வி சொன்னாள்: சமையலறையில் மரக்கரண்டியை அறியாமல் எடுத்துவிட்டேன், திரும்ப வைத்துவிட்டேன். ஹெதர் அவளைப் பார்க்கவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தாளில் விழுந்து பரவியது, அதைத் துடைக்கவும் இல்லை. பிறகு கேட்டாள்:

"எந்தக் குழியில் வைத்தாய்?"

நம்புச்செல்வியின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. குழி இரண்டு என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"பழையதில்" என்றாள்.

"என்ன குழி? ஆர் தோண்டினது?" என்றார் இன்பராசா. 

ஹெதர் படிவத்தில், பொருளைத் தொட்டவர் பெயர் என்ற இடத்தில், நம்புச்செல்வியின் பெயரை எழுதித் தேதி போட்டாள். பேனாவை மூடவில்லை. அடுத்த வரியில் முனையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தன் பெயரை எழுதினாள்; தேதிக்கான இடத்தில் ஆறு வருசத்துக்கு முந்தைய ஒரு ஆகஸ்டைப் போட்டாள். இன்பராசா எட்டிப் பார்த்து, தலைகீழாகவே அதை வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். எழுந்துபோய் பிளாஸ்கைத் திறந்து மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். தன்னுடையதில் சீனி போட மறந்துவிட்டார்.

"உங்கட கந்தோருக்கு இதை நீங்கதான் குடுப்பியளோ, தபாலில அனுப்புவியளோ?" என்று கேட்டார். அலுவலகத்தில் நீங்களே கொடுப்பீர்களா, தபாலிலா என்று நம்புச்செல்வி அதை ஆங்கிலத்தில் கேட்டாள். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், என்னைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன் என்றாள் ஹெதர். இன்பராசா தலையாட்டிவிட்டு, படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனார்.

கோப்பையின் சூட்டில் விரல்கள் மெல்ல உயிர்பெற்றன. படகு திரும்பியது. கீழே கப்பல் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தண்ணீர் எல்லா இடத்தையும் போலவே இருந்தது. ஹெதர் இன்னும் சொல்ல ஏதோ பாக்கி இருப்பதுபோலக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அதன் ஓரம்" என்றாள் கடைசியில், தாழ்ந்த குரலில். "தேய்ந்திருந்ததைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். வலது ஓரம்."

"சமைத்தவன் இடதுகைக்காரன்" என்றாள் ஹெதர், ஆறு வருசமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை.